உள்ளங்கையில் செவ்வாய்

ஜூன் 28, சனி. வானம்: மேகம்.

ஏ கொழுக்கட்டை,

இந்த நோட்டு வானத்தைப் பார்த்து எழுதுவதற்கு. ஹெப்சிபா மேடம் வகுப்பில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார்கள், கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் நீட்டினார்கள்.

"எனக்கு எதுக்கு மேடம்? நான் அஞ்சாங்கிளாஸ்."

"வானம் எத்தனாங்கிளாஸ்னு யாருக்குத் தெரியும்? பார்த்ததை எழுதுங்கக்கா. தேதி போட்டு எழுதுங்க, போதும்."

போன வருஷம் நீ ஒரே ஒரு வகுப்புக்குப் போய்விட்டு நின்றாயே, அதே வானவியல் படிப்பு. சனிக்கிழமை தோறும், பன்னிரண்டு வாரம். வெளியாட்களும் சேரலாம். நான் சேரவில்லை. மேல்மாடி அறையைத் திறக்க, படம் காட்டும் மெஷினைத் தூக்கி வைக்க, கடைசியில் கூட்டிப் பூட்ட ஆள் வேண்டும் என்று காலேஜ் லேப்பில் கூட்டித் துடைக்கிற என்னைப் போட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மேடம் ஒரு தாள் கொடுத்து வாசித்தார்கள். 'இந்தப் படிப்பில் என்ன எதிர்பார்க்கலாம்' என்று மேலே போட்டிருக்கும். நம் பீரோவில் உன் சேலைகளுக்கு அடியில் இருக்கிற அதே தாள்தான். எனக்கு வரி வரியாகத் தெரியும். 'கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.' 'நட்சத்திரப் பேர்களை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன்.' 'வானம் பெரிதாகிக்கொண்டே போவதும் நீங்கள் சிறிதாகிக்கொண்டே போவதும் போல இருக்கும். நாலைந்து வாரத்தில் பழகிவிடும்.' 'இது சோதிடப் படிப்பு அல்ல.'

கடைசி வரியைக் கேட்டு முன் பெஞ்சில் ஒரு பிள்ளை, "அப்ப ராசிபலன் கிடையாதா மேடம்?" என்றாள்.

"அதுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போ. அங்க கிளியே சொல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எந்த வாரம் என்ன பாடம் என்று வாசித்தார்கள். ஆறாம் வாரம், செவ்வாய். டெலஸ்கோப் வைத்து நேரில் காட்டுவார்களாம்.

உன் தாளில் ஆறாம் வாரத்தைச் சுற்றி நீல மையால் வட்டம் போட்டிருக்கிறாய். மற்ற எதற்கும் வட்டம் இல்லை. பேனா ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டிருப்பாய்.

கல்யாணம் நிச்சயமான பிள்ளை பொழுது சாய்ந்த பிறகு மொட்டை மாடியில் நிற்கக் கூடாது என்றுதான் உன்னை நிறுத்தினேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு.

துணி துவைத்தேன். வானம் பார்க்கவில்லை.

ஜூலை 2, புதன். வானம்: பகலில் வெயில், பெரிய காற்று.

உன் மாமியார் ஆவுடையம்மாள் வந்திருந்தாள். கீழப்பாறைக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் காப்பி போட எழுந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"காப்பியெல்லாம் இருக்கட்டும் மைனி. எம்பிள்ளைய நீங்கதான் மீட்டுத் தரணும்."

நம்பி மாப்பிள்ளை இன்னும் காற்றாலைக் காத்தாடியில் ஏறுவதில்லையாம். கம்பெனியில் கீழேயே, ஆபீஸ் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வண்டியைத் தொடுவதில்லை. உடைந்த கால் எலும்பு சேர்ந்து நாலு மாசம் ஆகிறது, அதனால் இல்லை. தட்டில் போட்ட சோறு காய்ந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்.

"ஆவணியில முடிக்க ஒரு எடம் வந்திருக்கு. தங்கமான பிள்ளை. தகப்பன் இல்ல. இவன் என்னடான்னா, 'ஒருத்திய நான் கொன்னது போதும்மா'ங்கான். ஜோசியர்ட்ட கொண்டு போனேன். அவரும் அதையேதான் சொல்லுதாரு. இவன் ஜாதகத்துல தாரதோஷமாம். கட்டுனவளை முழுங்குற ஜாதகமாம். அடுத்த தாலிய ஒரு வாழை மரத்துக்குக் கட்டி, அந்த மரத்தை வெட்டிப் போட்டுட்டா தோஷம் அதோட போயிருமாம். பெறகு வாறவ நல்லா இருப்பா."

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு?"

"'பாருங்க, ஜோசியரே சொல்லிட்டாரு, நாந்தான் கொன்னேன்'ங்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான் மைனி. 'நடந்தது நடந்துபோச்சு, எனக்கு வருத்தமில்ல, நீங்க வாழைக்குக் கட்டிட்டு மறுதாலி கட்டுங்க'ன்னு நீங்க ஒங்க வாயால சொல்லணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவள் போன பிறகு அரிசி களைந்தேன். மூன்று தரம் களைந்துவிட்டு நாலாவது தரமும் களைந்தேன்.

முழுங்குகிற ஜாதகம் அவருடையது இல்லை, கொழுக்கட்டை. எனக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி. வானம்: காற்று மட்டும்.

இரண்டாம் வகுப்பு. மேடம் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒரு பூசணிக்காய், கொஞ்சம் கடுகு, கொஞ்சம் கசகசா வேணும்" என்றார்கள். சமையல் படிப்பா என்று கேட்க இருந்தேன்.

பூசணிக்காய்தான் சூரியனாம். வராண்டா படியில் வைத்தார்கள். பூமி ஒரு கடுகு. அதைக் கொண்டு போய் முப்பது முப்பத்திரண்டு எட்டு எடுத்து வைத்து, கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். நாம் எல்லாரும், இந்தக் காலேஜ், திருச்செந்தூர்க் கடல், எல்லாமே அந்தக் கடுகுக்குள்தானாம். பிள்ளைகள் ஏ அப்பா என்றார்கள்.

"செவ்வாயை யார் கொண்டு போறா? அக்கா, நீங்க வாங்க."

நான் வரமாட்டேன் என்று தலையாட்டினேன். மேடம் அதற்குள் என் உள்ளங்கையில் ஒரே ஒரு கசகசாவை வைத்துவிட்டார்கள். "ஐம்பது எட்டு வச்சு நடங்க. வேப்ப மரம் வரைக்கும் போங்க."

நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். கையை மூடினால் நசுங்குமோ என்று பயம், திறந்து வைத்தால் அது என்னைப் பார்க்கிறது போல இருந்தது. நாற்பதாவது எட்டில் காற்று அடித்தது. கையைப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

"மேடம்! அக்கா செவ்வாயைத் தொலைச்சுட்டாங்க!" என்று கொடிக்கம்பத்துப் பிள்ளை கத்தினாள். மைதானம் முழுக்கச் சிரிப்பு.

நான் மண்டிபோட்டுத் தேடினேன். வேப்பங்கொட்டையும் எறும்பும் மண்ணும்தான் கைக்கு வந்தது. சேலையை உதறினேன். முந்தியைப் பிரித்துப் பார்த்தேன். முதுகில் ஒட்டியிருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். என்மேல் எங்கேயோ அது இருக்கிறது, நான் அதை வீட்டுக்குக் கொண்டு போகப் போகிறேன் என்று நினைத்ததும் மறுபடியும் சேலையை உதற ஆரம்பித்தேன்.

மேடம் ஓடி வந்தார்கள். "அக்கா, பாக்கெட்டுல ஆயிரம் கெடக்கு, எந்திரிங்க" என்றார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். நீ போனது அவர்களுக்குத் தெரியும், பதினாறாம் நாளுக்கு வந்திருந்தார்கள். வேறு ஒன்றும் தெரியாது. என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக் குளித்தேன். சேலையை இரண்டு தரம் அலசினேன்.

ஜூலை 9, புதன். வானம்: பார்க்கவில்லை.

லேப்பில் கண்ணாடிப் பட்டகங்களைத் துடைத்து அடுக்கினேன். வெயில் பட்டுச் சுவரில் ஏழு கலர் விழுந்தது. சின்னதில் உன்னை இங்கே கூட்டி வந்தால் அதைப் பிடிக்கிறேன் என்று சுவரைச் சுரண்டுவாய்.

பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்றார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நீ பிறந்தது காலை ஆறு ஐம்பதுக்கு. பிரசவ அறையில் வட்டக் கடிகாரம் ஒன்று இருந்தது, நானே பார்த்தேன். நர்சம்மா சீட்டில் எழுதியதும் அதேதான். இருபத்திரண்டு வருஷம் கழித்து உன் ஜாதகத்தைக் கையில் எடுத்தபோது, ஏழாம் இடத்தில் செவ்வாய் இருக்கிறது, கட்டுகிறவனுக்கு ஆகாது என்றார்கள். நாலு இடம் வந்து நாலும் தட்டிப் போனது. நாலாவது இடத்துக்காரர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது "சொல்லியனுப்புதோம்" என்றார்கள். நீ அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். உங்கப்பா இருந்திருந்தால் யாரிடமாவது சண்டைக்காவது போயிருப்பார்.

மறுநாள் வேறு ஊரில் வேறு ஜோசியரிடம் போனேன். பிறந்த நேரம் என்ன என்றார். ஏழு இருபத்தைந்து என்றேன். எவ்வளவு தள்ளினால் அது ஏழாம் இடத்தை விட்டு நகரும் என்று அதற்குள் எனக்கே தெரிந்துபோயிருந்தது. புது ஜாதகம் சுத்தமாக இருந்தது. ஒரே மாசத்தில் நம்பி மாப்பிள்ளை வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை அடுப்பில் போட்டேன்.

பொங்கலுக்கு, தலைப்பொங்கலுக்கு, நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். காணும் பொங்கல் அன்று சாயங்காலம் பைக்கில் கிளம்பினீர்கள். பனங்கிழங்கை அவித்துக் கட்டிக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் போங்க என்றேன். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லி மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

கட்டுகிறவனுக்கு ஆகாது என்றுதானே சொன்னார்கள்? நான் அதை ஏமாற்றினேன். அது உன்னை எடுத்துக்கொண்டது.

மாப்பிள்ளை தன்னால் என்று நினைக்கிறார். ஊர் அவர் ஜாதகத்தால் என்கிறது. நான் வாயைத் திறந்தால் எல்லாம் என் தலைக்கு வந்துவிடும்.

வாழைக்குத் தாலி கட்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அரைமணி நேரத்து வேலை.

ஜூலை 12, சனி. வானம்: மேகம், நடுவில் ஓட்டை.

கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடித்தால் அது வானத்தில் பத்துப் பாகை. தரையிலிருந்து தலைக்கு மேல் ஒன்பது முஷ்டி. எனக்குச் சரியாக ஒன்பது வந்தது. "பாருங்க, அக்காவுக்குத்தான் கரெக்டா வந்திருக்கு" என்றார்கள் மேடம். குழாயில் தண்ணீர் இன்றைக்கு வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு.

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாலாம் வகுப்பில் கோள்கள் சுற்றுவதைப் படம் போட்டுக் காட்டினார்கள். நாம் உள் வட்டத்தில் வேகமாக ஓடுகிறோமாம், செவ்வாய் வெளி வட்டத்தில் மெதுவாக வருகிறதாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நாம் அதைத் தாண்டிப் போவோம். அப்போது அது நமக்குக் கிட்டத்தில் இருக்கும், சிவப்பாக, பெரிதாகத் தெரியும்.

"இப்ப அது ரொம்ப தூரம் போயிட்டு. ஆறாம் வாரம் நீங்க பாக்கும்போது மங்கலாத்தான் இருக்கும், ஏமாந்துராதீங்க" என்றார்கள்.

நான் ஸ்டூலிலிருந்தே கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "கிட்ட எப்ப மேடம் வந்துச்சு?"

"இந்த வருஷம் ஜனவரியில. நடு ஜனவரி. பொங்கல் சமயத்துல சாயங்காலம் கெழக்கே பார்த்திருந்தா அப்படியே தணல் மாதிரி இருந்திருக்கும்."

கொழுக்கட்டை, பொங்கல் சமயத்தில் கிட்ட வந்திருக்கிறது. கிழக்கே இருந்திருக்கிறது. நீங்கள் கிழக்கேதான் போனீர்கள்.

சாவி கையிலிருந்து விழுந்துவிட்டது. பூட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய்ப் பூட்டினேன். போகும்போதும் வரும்போதும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன். மழை இல்லை. தெரு விளக்குக்குக் கீழே வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

ஜூலை 23, புதன். வானம்: சாரல்.

லீவு போட்டுவிட்டுக் கீழப்பாறைக்குளம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

மாப்பிள்ளை கொல்லையில் கல்மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்து எலும்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு வாழைக்கன்று புதிதாக நட்டிருந்தது. தூரத்தில் காத்தாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"வாங்க அத்தை. இதான் பொண்ணு" என்று கன்றைக் காட்டினார்.

"என்ன பேச்சு இது மாப்பிள்ளை?"

"அம்மா பார்த்து வச்ச பொண்ணு. ஆடி முடிஞ்சதும் தாலி கட்டி, உடனே வெட்டிருவோம். தெனமும் நாந்தான் தண்ணி ஊத்துதேன். பாருங்க, குருத்து விட்டிருக்கு." குருத்தைத் தொட்டுப் பார்த்தார். "பச்ச மரம் அத்தை. என் கையால இதையுமா?"

சொல்லு, சொல்லு என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. நான் கொண்டு போன அதிரசத்தைப் பிட்டு அவர் கையில் வைத்தேன். "சாப்பிடுங்க" என்றேன். ஆவுடையம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, பேசுங்க பேசுங்க என்று கண்ணைக் காட்டினாள்.

"மாப்பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்டதும் வரவில்லை, நான் நினைத்ததும் வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 26, சனி.

சூரியனைப் பற்றிப் பாடம். காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 2, சனி. வானம்: மாலை ஏழுக்கு மேகம் விலகியது.

காலையிலிருந்து மேகம் மேகம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு மொட்டை மாடிக்கு டெலஸ்கோப்பைத் தூக்கினோம், நானும் இரண்டு பிள்ளைகளும். ஏழு மணிக்கு மேற்கே மேகம் தானாக விலகியது.

"தரையிலேர்ந்து மூணு முஷ்டி. எல்லாரும் கண்டுபிடிங்க பார்ப்போம்."

யாருக்கும் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறகு என் கை தானாக நீண்டது. ஒரு முஷ்டி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. அங்கே இருந்தது. சொன்னால் நம்பமாட்டாய், அழுக்குத் துணியில் ஒட்டிய மஞ்சள் பொடி மாதிரி ஒரு புள்ளி. நான்தான் முதலில் பார்த்தேன்.

பிள்ளைகள் வரிசையில் நின்று டெலஸ்கோப்பில் பார்த்தார்கள். "இம்புட்டுதானா?" "இதுக்கா என் அக்கா கல்யாணம் மூணு வருஷம் நின்னுச்சு?" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். கடைசியில் என் முறை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். கசகசாதான், கொழுக்கட்டை. ஆரஞ்சுக் கலரில் ஒரு கசகசா, நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குவது அதுவா என் தலையா தெரியவில்லை.

பிள்ளைகள் படி இறங்கின பிறகு கேட்டேன். "மேடம், அதுக்கு நம்மளத் தெரியுமா?"

"எதுக்கு?"

"செவ்வாய்க்கு. நாம இங்க இருக்கது."

மேடம் சிரிக்கவில்லை. "தெரியாதுக்கா. அது கல்லும் துருப்புடிச்ச மண்ணும்தான். அங்க கண்ணும் இல்ல, காதும் இல்ல. யாரு எப்ப பொறந்தா, யாரு யாரைக் கட்டினா, யாரு பொய் சொன்னா, உண்மை சொன்னா, ஒண்ணும் அதுக்குத் தெரியாது."

பொய் என்று ஏன் சொன்னார்கள்? சும்மா வாயில் வந்திருக்கும்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு முன்னைவிடப் பயமாக இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது என்றால், அந்த நாலு இடமும் வீணாகத்தான் போயிருக்கிறது, நான் சொன்ன பொய்யும் வீண். பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சம்பந்தம் வந்திருக்காது, அந்த வண்டி இல்லை, அந்த ரோடு இல்லை. இத்தனை நாள் எனக்கு எதிராளி என்று மேலே ஒருத்தன் இருந்தான். இப்போது அங்கே யாரும் இல்லை. மாடியில் நான் மட்டும் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு.

ஆவணி பிறக்க இன்னும் இரண்டு வாரம். கன்று இன்னொரு குருத்து விட்டிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. வானம்: தெளிவு.

சொல்லிவிட்டேன்.

கொல்லையில், அதே கல்லில் அவர் இருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். கேட்டபெறகு நீங்க என்னை அத்தைன்னு கூப்பிட வேண்டாம். அவ ஜாதகம் பொய். ஏழு இருபத்தஞ்சுக்குப் பொறக்கல, ஆறு அம்பதுக்குப் பொறந்தா. செவ்வாயை மறைச்சு ஒங்க தலையில கட்டிட்டேன். ஒங்க ஜாதகத்துல ஒண்ணும் இல்ல. அந்த வாழைக்கன்னை வெட்ட வேண்டாம்."

அவர் கன்றிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "தெரியும் அத்தை" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறு அம்பது. மறுவீட்டுக்கு ஒங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பும்போதே பஸ்ஸுல சொல்லிட்டா. காலேஜுல சேரும்போதே ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்திருக்கா. 'நான் செவ்வாய் தோஷக்காரி, ஒங்க உசுருக்கு ஆபத்து, அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஓடிருங்க'ன்னா. கண்டக்டர் திரும்பிப் பார்த்தாரு."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. தை மாசத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அத்தை, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"ஜல்லி தெரியலன்னு போலீசுல சொன்னேன். ஒங்ககிட்ட சொன்னேன். அது பொய். ரோட்டுல வெளிச்சம் இருந்துச்சு. நான்தான் ரோட்டைப் பாக்கல. மேல பார்த்துட்டிருந்தேன்."

"எதை?"

"கெழக்க, பனைமரத்துக்கு மேல. செவப்பா, பெருசா ஒண்ணு. அவதான் என் தோளைத் தட்டிக் கையை நீட்டுனா. 'அந்தா பாருங்க, எங்கம்மாவைப் பயங்காட்டுனவன்'ன்னா. நிமிந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன்னு தெரியல அத்தை. ஒரு நொடி, ரெண்டு நொடி. அழகா இருந்துச்சு."

அவர் அழுதார். என்னால் அவரைத் தொட முடியவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

டம்ளர் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆவுடையம்மாள் காப்பியோடு வாசல்படியில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"எம்பிள்ளை ஏழு மாசமா சோறு திங்கல" என்றாள். மைனி என்று சொல்லவில்லை. "முழுங்குற ஜாதகம்னு ஊரெல்லாம் அவனைப் பேசிச்சு. நீ கேட்டுக்கிட்டு சும்மாதான இருந்தே? கையில அதிரசம் வேற. எந்திரி. எங்கொல்லைய விட்டு வெளிய போ."

"அம்மா, அவுங்க எங்கயும் போக வேண்டாம்."

"நீ பேசாத!"

"பேசுவேன். வாழைக்கு நான் தாலி கட்டமாட்டேன். ஆவணியில கல்யாணமும் இல்ல. அந்தப் பிள்ளை வீட்டுக்கு நாளைக்கே ஆள் அனுப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மரம் வளரட்டும். காய்ச்சா பஜ்ஜி போடு."

ஆவுடையம்மாள் காப்பியைக் கன்றின் தூரிலேயே ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னது நியாயம். பஸ்ஸில் முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கழுத்தை நீட்டியிருக்கிறாய். ஆறாம் வாரத்துக்கு வட்டம் போட்டதும் பேனா ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்.

லேப் கூட்டினேன். வானம் இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி. வானம்: தெளிவு, காற்று.

எட்டாம் வகுப்பு. இன்றைக்கு நட்சத்திரக் கூட்டங்கள். மாலை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினால் படியில் நம்பி மாப்பிள்ளை நிற்கிறார். பஸ்ஸில் வந்திருக்கிறார். சட்டை தொளதொள என்று இருந்தது, ஆனால் தலை சீவியிருந்தார். நேற்று முதல் தரமாகக் காத்தாடியில் பாதி உயரம்வரை ஏறினாராம்.

"எங்க மாப்பிள்ளை, மேடம். ஒரு தடவை பாக்கணும்னாரு."

மேடம் எதுவும் கேட்கவில்லை. டெலஸ்கோப்பை மேற்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை மாடியின் அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள்.

மாப்பிள்ளை குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா அத்தை? அன்னைக்கு எம்மாம் பெருசா இருந்துச்சு."

"தூரம் போயிட்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி கிட்ட வருமாம்."

நானும் பார்த்தேன். இந்தத் தரம் தலையில் முந்தானை போடவில்லை. அது என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை, பொய் எழுத மாட்டேன்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றை ஆறு நாளாக வைத்துக்கொண்டு திரிகிறேன். வாழை, ஜாதகம், ஆவுடையம்மாள் ஏசியது எல்லாம் கடந்துவிடும். இது கடக்காது. நீ அதைப் பார்த்துப் பயந்து கையை நீட்டினாயா, இல்லை விளையாட்டுக்கா? நான் இருபத்திரண்டு வருஷம் சோற்றோடு சேர்த்து ஊட்டினது என் பயத்தை. அது உனக்குள் இருந்திருந்தால், கடைசியாக உன் வாயில் வந்தது என் பயம்தான்.

"மாப்பிள்ளை, அதைச் சொல்லும்போது அவ எப்படிச் சொன்னா? சிரிச்சாளா?"

அவர் நிஜமாக யோசித்தார்.

"காத்து அத்தை. ஹெல்மெட் வேற. வார்த்தைதான் கேட்டுச்சு. பின்னாடிலா உக்காந்திருந்தா, மொகம் எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, மாடிக்குத் திரும்பி வந்து பூட்டினேன். வீட்டுக்கு வந்து உன் தாளை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. கை நடுங்கிப் போட்டதா, சிரித்துக்கொண்டே போட்டதா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

பார்த்ததை எழுதச் சொன்னார்கள். இதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. தெரிந்தது உனக்கு மட்டும்தான்.

ஏ கொழுக்கட்டை, அதைக் காட்டும்போது நீ சிரிச்சியா?